கொடியேற்றத்துக்குள் ஒரு டீசல் கார்

விருதுநகர் சுற்றுவட்டாரத்தில் ஸ்டீயரிங் பிடித்த மனிதர்களிலேயே, பெட்ரோல் வாசனை பட்டால் தும்முகிற ஒரே ஆள் எங்கள் டீசல் அண்ணாச்சிதான். சாதாரணத் தும்மல் இல்லை. அவர் கார் ஸ்டாண்டில் தும்மினால், எங்கோ மிளகாய் வத்தல் மூட்டையைப் பிரிக்கிறார்கள் என்று நினைத்து பஜாரில் ஆட்கள் மூக்கைப் பொத்துவார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் டீசல் அண்ணாச்சி. வெள்ளை அம்பாசிடர், டீசல் வண்டி, வாடகைக்கு ஓட்டினார். பெட்ரோல் ஆட்டோவில் ஏற மாட்டார். பைக்கில் பின்னால் உட்கார மாட்டார். ஆமத்தூரில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டு, பஸ் போய்விட்டது என்று நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். வழியில் நிறுத்திக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் பெட்ரோல். சொந்த அக்கா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பெட்ரோல் கார் பிடித்துவிட்டார்கள் என்று, தாய்மாமன் சீர்த்தட்டோடு காருக்குப் பின்னால் இருபதடி தள்ளி நடந்து வந்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துப் பார்த்து நடந்ததாகச் சொல்வார்கள்.

கேட்டால், நாம் தின்கிற சோறே டீசலில் வருகிறது என்பார். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் டீசல், அரிசி ஏற்றி வருகிற லாரி டீசல், சிவகாசி வெடியை டெல்லி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது டீசல். பெட்ரோல் எதற்கு என்று கேட்டால், சட்டையில் கறை எடுக்க என்பார்.

செல்போனில் பாம்பு விளையாட்டு மட்டும் இருந்த காலம் அது. தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மச்சினன் பேச்சைக் கேட்டு, கார் ஸ்டாண்டுக்கு எதிரே நாலு கம்ப்யூட்டர் போட்டு கேம் சென்டர் வைத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் கடை திறந்து, நாலு மானிட்டருக்கும் சாம்பிராணி காட்டி, இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டு, சுவிட்சைப் போடுவது. மீதியை அவள் பார்த்துக்கொண்டாள்.

கடை திறந்த முதல் நாளே அண்ணாச்சி கையில் தண்ணீர்ச் செம்போடு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். காரில் கண்ணசந்திருந்தவருக்கு என் கடையிலிருந்து டயர் தேய்கிற சத்தமும், வண்டி மோதுகிற சத்தமும், கண்ணாடி நொறுங்குகிற சத்தமும் கேட்டிருக்கிறது. பெரிய விபத்து என்று நினைத்து, அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகத் தயாராக வந்துவிட்டார்.

அது கார் ரேஸ் விளையாட்டு என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். ஒரு சிவப்புக் கார் மூன்று பல்டி அடித்து எழுந்து மறுபடியும் ஓடியது. செம்புத் தண்ணீரை அவரே குடித்தார்.

"இதுல டீசல் வண்டி எது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அம்புக்குறியை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு வண்டியாகக் காட்டச் சொன்னார். நாற்பது வண்டி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் குனிந்து சைலன்சர் பக்கம் பார்த்தார். கடைசி வண்டியும் போனபின் நிமிர்ந்தார்.

"ஒண்ணுலயும் புகை இல்ல. நாப்பதும் பெட்ரோலு."

சொல்லிவிட்டு மானிட்டரைப் பார்த்துத் தும்மினார் பாருங்கள். இரண்டு பேர் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஸ்டாண்டில் வேன் தங்கராசு என்று ஒருவர் இருந்தார். புதுப் பெட்ரோல் வேன் வாங்கிய மிதப்பில் இருந்தார். மறுநாள் டீக்கடையில் வைத்து அண்ணாச்சியைச் சீண்டினார்.

"என்ன அண்ணாச்சி, ரேசு பாக்கப் போனீகளாம்ல. ஒங்க வண்டி இருந்துச்சா அதுல?"

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கும்? டீசல் வண்டிய ஓட்டுறதும் மோட்டார் ரூமுக்குச் சக்கரம் மாட்டி ஓட்டுறதும் ஒண்ணு. வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, ஒங்களுக்குத் தெரியல."

அவ்வளவுதான். டீ கிளாஸ் பெஞ்சில் இறங்கியது. பேச்சு முற்றி, பந்தயத்தில் வந்து நின்றது. ஊர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கொடியேற்றத்துக்குள் அந்த விளையாட்டில் ஒரு டீசல் வண்டி வர வேண்டும். வந்தால் போதாது, ஒரு ரேஸை முழுசாக ஓட்டி முடித்து, கடைசியில் வரும் பெயர்ப் பலகையில் அண்ணாச்சி பெயர் வர வேண்டும். வராவிட்டால் வேப்பமரத்தடி இடம் தங்கராசுவுக்கு.

அந்த இடம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஸ்டாண்டில் மொத்தமே ஒரு மரம்தான். அதன் கீழ் ஒரு கார் நிற்கும். பதினெட்டு வருஷமாக அண்ணாச்சியின் கார் நின்றது. மீதி வண்டிகளில் பங்குனி வெயிலில் சீட்டில் உட்காருகிறவர்கள், ஏறின வேகத்தில் எழுந்து நிற்பார்கள். அண்ணாச்சிக்கு வயது அறுபது தாண்டியிருந்தது. வெயிலில் நின்றால் தலை சுற்றி விழுவார், இரண்டு தடவை விழுந்தும் இருக்கிறார். நிழல் போனால் தொழிலே போன மாதிரி. அது தெரிந்தும் வாயைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

முதலில், அந்த விளையாட்டைச் செய்த கம்பெனிக்கு எழுது என்றார். மச்சினனை வைத்து இமெயில் அனுப்பினோம். அண்ணாச்சி சொல்லச் சொல்ல, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நலம், நலமறிய அவா என்று ஆரம்பித்து, அங்கே மழை எப்படி என்று விசாரித்து, அதன்பிறகே டீசல் விஷயத்துக்கு வந்தார். தினமும் காலையில் கடை வாசலில் நின்று தபால் வந்ததா என்று கேட்பார். இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

அப்புறம்தான் முருகேசன் ஞாபகம் வந்தது. சிவகாசியில் ஒரு அச்சாபீசில் காலண்டர் டிசைன் போடுகிறவர், என் மச்சினனுக்குக் கூட்டாளி. காலண்டர் சீசன் முடிந்து சும்மா இருந்தார். விளையாட்டுக்குள் இருக்கும் படங்களைத் திறந்து வேறு வர்ணம் அடிக்கலாம், சத்தத்தையும் மாற்றலாம், வண்டியின் வேகம், எடை எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கிறது, அதையும் திருத்தலாம் என்றார். அண்ணாச்சி அவரை ஸ்டாண்டிலிருந்தே கும்பிட்டுக்கொண்டு வந்தார்.

நாற்பதில் உருண்டையாக இருந்த ஒரு பழைய வண்டியை எடுத்து முருகேசன் வெள்ளை அடித்தார். முன் கண்ணாடியில் "இருக்கன்குடி மாரியம்மன் துணை" எழுதினார். எல்லாம் சரி, இருபது வருஷம் சாமி படமாகப் போட்ட கை. காருக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டமும் வந்துவிட்டது. அழிக்கப் போனவரை அண்ணாச்சி தடுத்துவிட்டார்.

புகை வேண்டுமே என்றார். கண்ணுக்கே தெரியாமல் வெளிறிக் கிடந்த புகையின் படத்தைத் தேடி எடுத்து முருகேசன் கறுப்பு அடித்தார். அந்த விளையாட்டில் எல்லா வண்டியின் புகைக்கும் ஒரே படம் போல. ஓட்டிப் பார்த்தால் நாற்பது வண்டியும் கறுப்பாகக் கக்குகிறது. அண்ணாச்சி சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியாலே, நம்ம வண்டி ஒண்ணப் பாத்ததும் எல்லாவனும் டீசலுக்கு மாறிட்டான்."

சத்தத்துக்கு அவர் காரையே பதிவு செய்தோம். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, நான் மைக்கைப் பிடித்தேன். நன்றாக விழட்டும் என்று இன்ஜினுக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டேன். பின்பு கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டால், இன்ஜின் சத்தம், ஒரு காக்கை, அண்ணாச்சியின் இருமல், அதன்பின் தெளிவாக, "ஏலே, தள்ளி நில்லுலே." ஃபேன் பெல்ட் என் துண்டை இழுத்துவிடுமோ என்று அவர் பதறிக் கத்தியது. மறுபடி பதிவு செய்ய அண்ணாச்சி சம்மதிக்கவில்லை, டீசல் வீண் என்றார். ஆக, விளையாட்டில் அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உறுமும், காக்கை கத்தும், இருமும், தள்ளி நிற்கச் சொல்லும். பத்து செகண்டுக்கு ஒரு தடவை.

கடைசியாக வேகம். முருகேசன் நல்ல மனசோடு இருநூறு என்று போட்டுவிட்டார்.

"இருநூறு எதுக்கு? நம்ம வண்டி இறக்கத்துல எம்பது போகும். எம்பதுன்னு போடுங்க."

"அண்ணாச்சி, மத்த வண்டியெல்லாம் எரநூத்தம்பது போகுதே."

"போகட்டும். ஆத்தா பேர எழுதி ஒட்டிட்டு அதுக்கு மேல பொய்ய ஏத்தச் சொல்றீகளா?"

எண்பது என்றே போட்டோம். இருப்பதிலேயே குட்டியான ரோடு, ஒரே சுற்று, எதிராளிகளில் சோம்பேறிகள். இருந்தும் ஒரு சிக்கல். முதல் வண்டி கோட்டைத் தாண்டியதும் விளையாட்டு அறுபதிலிருந்து கீழே எண்ணும். பூஜ்யத்துக்குள் வந்து சேராத வண்டியின் பெயர் பலகையில் வராது. வளைவில் பிரேக் பிடிக்காமல் அழுத்தினால் தட்டுத்தடுமாறி வந்துவிடலாம். அண்ணாச்சி வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தார். ஹாரன் அடித்தார். எதிரே யாரும் வரவில்லை என்று உறுதியான பிறகு திரும்பினார். எதிரே யாரும் வரவே மாட்டார்கள் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். ஹாரன் அடிக்காமல் திரும்புகிறவன் டிரைவரே இல்லை என்றுவிட்டார். முப்பது தடவைக்கு மேல் ஓட்டிப் பார்த்தார். அத்தனையிலும் அரை பர்லாங்கு பாக்கி.

எனக்குத் தூக்கம் போயிற்று. அவர் வெயிலில் சுருண்டு விழுகிற மாதிரி கண் முன்னால் வந்தது. வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போனேன். அண்ணாச்சி ஜெயித்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, அம்மன் மஞ்சளை வாங்கி வந்தேன்.

கொடியேற்றத்தன்று காலை. ஸ்டாண்ட் டிரைவர்கள் மொத்தப் பேரும் என் கடைக்குள். தங்கராசு முதல் வரிசையில். நான் மானிட்டருக்குச் சூடம் காட்டினேன். வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டுமே, அண்ணாச்சி மவுஸைப் பழத்தின் மேல் ஏற்றி நசுக்கினார். நான் அம்மன் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து கீபோர்டு விசைகளுக்கு வைத்தேன். ஆக்சிலேட்டர், பிரேக் இரண்டும் முக்கியம் என்று அந்த இரண்டு அம்புக்குறிக்கும் தாராளமாக அப்பினேன்.

ஆட்டம் தொடங்கியது. அண்ணாச்சி ஆக்சிலேட்டர் அம்பை அமுக்கினார். இன்ஜின் உறுமி, காக்கை கத்தி, இருமி, "ஏலே, தள்ளி நில்லுலே" என்றது. ஒளிவட்டத்தோடு கார் கிளம்பியது. மற்றவை எல்லாம் கறுப்புப் புகைக்குள் மறைந்துபோயின.

முதல் வளைவு. அண்ணாச்சி ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஹாரனைத் தொட்டார். வண்டியின் வேகம் குறையவில்லை. மஞ்சள் இறுகி, விசை போன இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. பிரேக்கை அமுக்கினார். அது இறங்கவே இல்லை.

"ஏலே, பிரேக் இல்லலே," என்று எழுந்தே நின்றுவிட்டார். கால் தரையை மிதிக்கிறது. கை மட்டும் வலதுக்கும் இடதுக்கும் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஹாரனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. திரையில் இல்லாத ஜனங்களை எல்லாம் ஒதுங்கச் சொன்னார். எந்த வளைவிலும் வண்டி தடம் மாறவில்லை, எண்பதில் போகிற வண்டி எங்கே சறுக்கப்போகிறது? முதல் வண்டி கோட்டைத் தாண்டியது. அறுபதிலிருந்து எண்ணியது. பத்து வந்தபோது தங்கராசுவே, அழுத்துங்க அண்ணாச்சி என்று கத்திவிட்டார். இரண்டில் எங்கள் கார் கோட்டைத் தாண்டியது. பலகையில் எட்டாவது பெயராக, கடைசிப் பெயராக, அண்ணாச்சியின் பெயர்.

அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் யாரையும் தொட விடவில்லை. முகம் வெளுத்திருந்தது. விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டிப் போய், வேப்பமரத்தடியிலிருந்து காரை எடுத்து, கடைசி வரிசையில் வெயிலில் நிறுத்தினார்.

"பிரேக் அத்துப்போய் வந்து சேந்தது ஓட்டுனதாகுமாலே? அது விபத்து," என்றார் என்னிடம்.

பந்தயத்தில் தோற்ற தங்கராசு, தோற்றவன் நிழலில் நிற்கக் கூடாது என்று தன் வேனை அவருக்குப் பின்னால் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினார். மற்றவர்களுக்கும் அந்த இடத்தில் வண்டியை விட மனசு வரவில்லை. மூன்று நாள், ஊரில் பொங்கல் களைகட்டுகிறது, வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளாடு படுத்து அசைபோடுகிறது, அண்ணாச்சி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு பொசுங்குகிறார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் காரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவதைப் பார்த்தேன். போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, அந்த விசைய அமுக்கிக்கிட்டு நின்னது எது?"

"ஓம் மஞ்சதான்."

"எம் மஞ்ச இல்ல. இருக்கன்குடி ஆத்தா மஞ்ச. ஆத்தாளே ஆக்சிலேட்டர மிதிச்சிருக்கா. அத வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன். அண்ணாச்சி தலையிலிருந்த ஈரத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அப்ப ஆத்தா டீசல் பக்கம்னு சொல்லு," என்றார்.

தங்கராசுவே ஆட்டை ஓட்டிவிட்டார். கார் மரத்தடிக்குப் போயிற்று. மறுவாரம் என் மொட்டைக்கு அதே காரில்தான் இருக்கன்குடி போனோம், தங்கராசு முன் சீட்டில். ஆளே இல்லாத ரோட்டிலும் வளைவுக்கு வளைவு ஹாரன். அங்கே போய் இறங்கியதும் நான் அவசரப்பட, அண்ணாச்சி இன்ஜினை உடனே அணைக்கவில்லை. டீசல் வண்டியைப் பட்டென்று அணைக்கக் கூடாதாம். இரண்டு நிமிஷம் மூச்சு வாங்க விட வேண்டுமாம்.

அண்ணாச்சி சாமியிடம் போய் வருஷம் பல ஆகிவிட்டது. கேம் சென்டரும் இல்லை. ஒரு கம்ப்யூட்டரை மட்டும் வீட்டில் வைத்திருக்கிறேன். ஆயுத பூசைக்கு அதைத் துடைத்து, மானிட்டர் ஓரத்தில் மட்டும் மஞ்சள் வைத்து, அந்த வெள்ளைக் காரை ஸ்டார்ட் செய்வேன். இரண்டு நிமிஷம் அப்படியே ஓட விடுவேன். இன்ஜின் உறுமும். காக்கை கத்தும். அண்ணாச்சி இருமிவிட்டு, "ஏலே, தள்ளி நில்லுலே" என்பார்.

நான் தள்ளி நிற்பேன்.