படுத்த படுக்கையாகக் கிடக்கும் தந்தை

அனுப்புநர்: பா. மூக்காண்டி, மனு எழுதுபவர், தாலுகா அலுவலகம் எதிரில், சங்கரன்கோவில்.
பெறுநர்: மைத்துனர் மகாராஜன், திருப்பூர்.
பொருள்: என் மகளும் தங்கள் மருமகளுமான கோகிலா பன்னிரண்டு நாளாக என்னோடு பேசாதது குறித்து.
பார்வை: தாங்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் "என்ன அத்தான், வீட்ல சத்தமே இல்ல?" என்று கேட்டது.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, வணக்கம். இங்கு நானும் தங்கள் அக்காள் சங்கரம்மாளும் நலம். அங்கு தங்கள் நலமும் குழந்தைகள் நலமும் அறிய ஆவல். போனில் பேசியிருக்கலாம், ஆனால் இந்த வீட்டில் போன் பேசினால் நான்கு சுவருக்கும் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

கோகிலா படிக்கும் பல்கலைக்கழகத்தில் எழுத்து மையம் என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். எழுத்து மையம் என்றதும், நம்மைப் போல ஆள் வைத்து எழுதிக் கொடுப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே யாரும் யாருக்கும் எழுதித் தருவதில்லை மாப்பிள்ளை, பிழையைக்கூடத் திருத்துவதில்லை. எழுதிக்கொண்டு போனதை வாசித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் கேள்வி கேட்பார்கள். "இங்கே என்ன சொல்ல வருகிறீர்கள்?", "இன்னும் விளக்கலாமா?" அவ்வளவுதான். திரும்பப் போய் நாமே எழுத வேண்டும். குருவிகுளத்திலிருந்து முதல் பஸ்ஸில் மனு எழுத வருகிறவனிடம் நான் இப்படிக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் வேப்பமரத்தடியில் எனக்கு நாற்காலி போட விடுவார்களா? இதற்கு வாராவாரம் பயிற்சிப் பட்டறை வேறு. நம் கோகிலாவும் அங்கே உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் கட்டுரையில் கேள்வி போடுகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க, தான் ஏன் படிக்க விரும்புகிறாள் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். அவள் எழுதி ஒரு ஃபைலில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். நான் வாசித்துப் பார்த்தேன். ஐயா என்று இல்லை, பணிவுடன் என்று இல்லை, கஷ்டம் என்று ஒரு வரி இல்லை. என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, அப்பா வேகமாக எழுதுவார், எழுதும்போது உதடு அசையும் என்றெல்லாம். இதை எந்த அதிகாரி வாசிப்பான்? முப்பத்தொரு வருட அனுபவம் சும்மா இருக்குமா, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேற்படி விண்ணப்பதாரரின் தந்தை பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்து படுத்த படுக்கையாகக் கிடப்பதால், என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் முறைப்படி எழுதி, அவள் எழுதியதை எடுத்துவிட்டு இதை ஃபைலில் வைத்துவிட்டேன். இது பொய் இல்லை மாப்பிள்ளை. மனுவில் யாராவது படுத்திருக்க வேண்டும், அது அமைப்பு. நான் எழுதிய மனுக்களில் படுத்தவர்கள் பலர் இன்றும் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறார்கள். கோகிலா அவசரத்தில் பார்க்காமலே ஃபைலை மையத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வாசல்படி ஏறும்போது, அந்த மையத்தில் வேலை பார்க்கும் ஷிரின் பானு என்கிற பெண்ணும் இன்னும் நான்கு பிள்ளைகளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து நிற்கிறார்கள். கோகிலாவின் அப்பாவைப் பார்க்க வந்தோம் என்றார்கள். நான்தான், சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள். உன் அக்காள் வெளியே வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள், கேட்டுக்கொண்டே ஹார்லிக்ஸை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து கோகிலா வந்தாள். பானு நான் எழுதிய தாளை நீட்டினாள். கோகிலா அங்கேயே நின்று ஒன்றரைப் பக்கமும் வாசித்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. அவர்கள் போன பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நான் எழுதுனதுல நீங்க நல்லா இருந்தீங்கப்பா."

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. "அப்பாவ சாப்பிட வரச் சொல்லும்மா" என்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே உன் அக்காளிடம் சொல்கிறாள். அவள் எழுதியதை மறுபடி அச்செடுத்து, கேள்வி வாங்கி, திருத்தி அனுப்பிவிட்டாளாம். அதுவும் அக்காள் சொல்லித்தான் தெரியும். வீட்டில் பவர்லூம் சத்தம் மட்டும் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை, வேறு ஒன்றுமில்லை.

சனிக்கிழமை அந்த மையத்தில் ஊர்க்காரர்களுக்கும் பட்டறை என்றார்கள். நான்கு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பத்து நிமிடம் கையை எடுக்காமல் உங்களைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் இரண்டு பக்கம் எழுதினார். நான் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை. மணி அடித்துவிட்டார்கள்.

ஆகவே, மாமா சொன்னால் அவள் கேட்பாள். நீ உடனே போன் போட்டு, பெற்ற தகப்பன் நல்லதுக்குத்தான் செய்தான், போய்ப் பேசு, இனி அந்த மையத்துப் பக்கம் போகாதே என்று கண்டித்துச் சொல்லும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பேரில் எந்தத் தவறும் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கோமதியம்மன் துணையால் உன் வீட்டில் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அத்தான் மூக்காண்டி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுமுன், அமைப்பு சரியா என்று அந்த ஷிரின் பானுவிடம் காட்டினேன். முழுக்க வாசித்துவிட்டு, "அங்கிள், நாலு பக்கம் இருக்கு. மன்னிச்சுக்கோன்னு ஒரு வரி எங்க இருக்கு?" என்றாள். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த வரி அது. எனக்காக ஒரு தடவையும் எழுதியதில்லை. நேற்றுக் காலை ஒரு துண்டுத் தாளில், அனுப்புநர் பெறுநர் இல்லாமல், "கோகிலா, அப்பா செய்தது தவறு, மன்னித்துக்கொள்" என்று எழுதி அவள் டிபன் பாக்ஸ் மூடிமேல் வைத்தேன். சாயங்காலம் பாக்ஸ் கழுவி வந்தது. உள்ளே அதே தாள். ஓரத்தில் பென்சிலால் அவள் கையெழுத்து: "எது தவறு? இன்னும் விளக்கலாமா?"

மாப்பிள்ளை, இத்தனை நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிவிட்டாள். மேற்கண்ட கோரிக்கையை ரத்து செய்ததாகக் கருதவும். போன் போட வேண்டாம். நான் இரண்டாம் தடவை எழுதிக்கொண்டிருக்கிறேன், மூன்று பக்கம் ஆகிவிட்டது. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது.