இத்தாலி சோமாஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தீர்மானத்தோடு சமையலறைக்குள் நுழைந்தேன். எதையும் உருப்படியாகச் செய்யக் கூடாது.

இது என் பழைய வித்தை. துணி காயப்போடச் சொன்னபோது கொடியையே அறுத்து வைத்தேன். தேங்காய் துருவச் சொன்னபோது விரலைத் துருவிக்கொண்டேன். அந்த இரண்டு வேலையும் அப்புறம் என் பக்கம் வரவேயில்லை. என் மனைவி சித்ரகலாவுக்கு ஒரு வேலை கெடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பிடுங்கிக்கொண்டு தானே செய்துவிடுவாள்.

வம்பு, ஓட்டலில் சாப்பிட்டுத் திரும்பும்போது காரில் ஆரம்பித்தது. நான் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எங்களிடம் சரக்கு வாங்கும் இத்தாலி பையர் கிளாடியா சுத்த சைவம். ஓட்டல் காரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே, "இனி பங்களாதேஷ் பக்கம் போகலாமென்று பார்க்கிறேன்" என்றார். முதலாளி லிங்கசாமிக்கு முகம் செத்துப்போனது. அந்த ஆர்டர் போனால் பாதி மெஷின் தூங்கும்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "என் மனைவி பச்சைக் காய்கறி வைத்து அருமையாக ராவியோலி செய்வாள், மேடம்" என்று சொல்லித் தொலைத்தேன். ஞாயிறு மதியம் வருவதாக அங்கேயே முடிவாகிவிட்டது.

"ரவையிலீங்களா செய்யறது?" என்றாள் சித்ரகலா, வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும்.

"ரவை இல்ல அம்மிணி, ராவியோலி. மைதாவ மெலிசாத் தேச்சு, உள்ள காய் வெச்சு மூடித் தண்ணில வேக வெக்கறது."

"நம்ம சோமாஸாட்டவா?"

"அதேதான். இத்தாலி சோமாஸ். நீ பண்ணீருவே."

"நானெங்கீங்க பண்ண? சொன்ன வாய்க்குக் கையும் இருக்குதில்லீங்க? அந்தக் கையே பண்ணட்டும்."

"சரி, நானே பண்றேன்!" என்று மார்தட்டினேன். உள்ளுக்குள் சிரித்தேன்.

செய்முறையை ஆபீஸ் நெட்டில் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். அதை அப்படியே தலைகீழாகச் செய்தேன். மாவில் தண்ணீரைக் கொட்டித் தளதளவென்று பிசைந்தேன். பச்சைப் பட்டாணி, கேரட், வெங்காயத்தாள், பாலக்கீரை எல்லாவற்றையும் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே திணித்தேன். ஓரத்தை ஒட்டாமலே கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். வாயைப் பிளந்துகொண்டு மிதந்தன. பட்டாணி தனியாக நீச்சலடித்தது.

சித்ரகலா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து முல்லை தொடுத்துக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"ஐயையோ, போச்சே!" என்றேன், கொஞ்சம் சத்தமாக.

"நல்லாத்தானுங்க இருக்குது. இத்தாலில இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது."

"பட்டாணி வெளிய வந்துருச்சு பாரு!"

"காத்து வாங்கட்டுமுங்க."

போன் அடித்தது. முதலாளி. "இளங்கோ, கெளம்பியாச்சு. அரை மணி நேரத்துல உங்க ஊட்டுல இருப்போம். மேடம் காலைல ஒண்ணுமே சாப்புடல. உன்னையத்தான் நம்பியிருக்கறேன்."

"சித்ரா, வெளையாட்டு போதும். நீயே பண்ணீரு கண்ணு."

"அதுக்குப் பேரே என்ற வாயில நுழைய மாட்டீங்குது, நான் போய்..." என்று எழுந்தவள், "சேலை மாத்தீட்டு வர்றனுங்க" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான் நடிக்கவில்லை. புது மைதாவைக் கெட்டியாகப் பிசைந்தேன். கீரையைத் துணியில் கட்டிப் பிழிந்தேன். பன்னீரை உதிர்த்துப் பூரணத்தில் சேர்த்தேன். தேய்த்த மாவை டம்ளரால் வெட்டி, பூரணம் வைத்து, ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டி, பனியன் ஓரத்துக்குத் தையல் போடுவதுபோல முள்கரண்டியால் ஓவர்லாக் அடித்தேன். அடுப்பைத் தணித்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கினேன். ஒன்று பிரிந்தாலும் ஆர்டர் பிரியும்.

மேலே வந்தன. முழுசாக வந்தன. வெண்ணெயில் புரட்டும்போது வாசலில் ஹாரன்.

கிளாடியா ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். முதலாளி நாற்காலி நுனியில் இருந்தார். மேடம் கண்ணைத் திறந்தார். தட்டை நீட்டினார். இன்னும் வேண்டுமாம்!

"அவங்கம்மா செய்யற மாதிரியே இருக்குதுங்கறாங்க. ஆர்டர் நமக்குத்தானாம்!" என்று முதலாளி துள்ளினார். "அம்மிணி, உன்ற கைக்குத் தங்கக் காப்பே போடலாம்!"

"என்ற கை இல்லீங்க" என்றாள் சித்ரகலா, அடக்கமாக. "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. எங்க ஊட்டுல ஞாயித்துக்கெழமை சமையல் எப்பவுமே அவிங்கதானுங்க."

கிளாடியா எழுந்து என் கையைக் குலுக்கினார். முதலாளி முதுகில் தட்டினார். மறுக்க வழியில்லை.

கார் தெருமுனை தாண்டியதும் திரும்பினேன். "எப்பவுமேன்னு எதுக்கு அம்மிணி பொய் சொன்னே?"

"பொய்யில்லீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை நீங்க சமைக்கறீங்கன்னு குன்னத்தூர்ல எங்கண்ணன் குடும்பத்துக்கு நேத்தே போன் பண்ணிச் சொல்லீட்டனுங்க."