ஒப்பாரி வைத்த வீடு விற்பனைக்கு

என் மாமனாரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். விஷம் வைத்தோ மாடிப்படியில் தள்ளியோ அல்ல, செல்போனை வைத்து. மருமகள்கள் மனதுக்குள் ஆயிரம் நினைப்பார்கள், அதெல்லாம் கணக்கில் வராது. நான் செய்தது கடலூர் முதுநகரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாற்பது பேர் சாட்சியாக நடந்தது.

அப்போது நான் வீடு வாங்கி விற்கும் தொழிலில் இறங்கி இரண்டு மாதம். அதற்கு முன் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு விற்பதென்ன பெரிய வித்தையா, நாலு போட்டோ எடுத்து நெட்டில் போட்டால் தானாக ஆள் வரப்போகிறது என்று வேலையை விட்டுவிட்டேன். (அந்த வயதில் எனக்கு உலகத்தில் எல்லாமே நாலு போட்டோ சமாசாரம்தான்.) இரண்டு மாதத்தில் ஒரு கோழிக்கூண்டுகூட என்னால் விற்க முடியவில்லை.

மாமனார் கலியமூர்த்தி லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். முதுநகரில் அவர் ஏறாத கம்பமில்லை, அவரைத் தெரியாத தெருவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி அதிகமானதால், வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் சிதம்பரத்துக்கு எங்களோடு வந்துவிடுவது என்று முடிவானது. அந்த வீட்டை நான்தான் விற்றுத் தருவேன் என்று அடம்பிடித்தேன்.

"ஒரு மாசம் டைம் தர்றேம்மா," என்றார் மாமனார். "முடியலன்னா புரோக்கர்கிட்ட குடுத்துடுவேன். நீ பேசாம பள்ளிக்கூடத்துக்கே போயிடணும். சம்மதமா?"

"சம்மதம் மாமா."

"இன்னொன்னு. வெளம்பரத்துல என் போட்டோ பெருசா இருக்கணும். வெறும் செவுத்தப் பாத்து எவன் வருவான்? லைன்மேன் கலியமூர்த்தி வீடுன்னாத்தான் வருவான்."

சரி என்று போஸ்டர் செய்யும் ஆப் ஒன்றைத் திறந்தேன். அதில் நல்ல டிசைனுக்கெல்லாம் பணம் கேட்டார்கள். இலவசமாகக் கிடைத்ததில் ஒன்று கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. நடுவில் முட்டை வடிவத்தில் படம், சுற்றிலும் ரோஜாப்பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அது கண்ணீர் அஞ்சலி டிசைன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கண்ணீர் அஞ்சலி என்ற வரியை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது, வெறும் பூவும் விளக்கும்தானே என்று நினைத்தேன். (கணக்கு டீச்சர்! கழித்தால் மீதி என்ன என்றுதான் புத்தி போகும்.)

படத்துக்குக் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அந்த வார்த்தைகளையும் ஜாக்கிரதையாக அழித்தேன். கட்டங்கள் காலியாக இருப்பானேன் என்று இடது பக்கம் வீடு கட்டிய வருடத்தையும், வலது பக்கம் தரைக்குக் கிரானைட் போட்ட வருடத்தையும் எழுதினேன். கிரானைட் அந்த வருடம்தான் போட்டிருந்தார்கள். அடியில் வீட்டின் படம் தபால்தலை அளவுக்கு, அதற்கும் கீழே எறும்பு எழுத்தில் "விற்பனைக்கு", பிறகு முகவரி. கடைசி வரியில் இருந்த "இப்படிக்கு, குடும்பத்தினர்" என்பதை மட்டும் அழிக்காமல் விட்டேன். குடும்பப் பாங்காக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டேன். மளமளவென்று பதில் வந்தது. கைகூப்பும் பொம்மைகளைப் பார்த்து வாழ்த்துகிறார்கள் என்று பூரித்துப்போனேன். சிலர் அழுகிற பொம்மை அனுப்பியிருந்தார்கள். பரம்பரை வீடு கைவிட்டுப் போகிறதே என்ற வருத்தம்போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒருவர்கூட எனக்குப் போன் செய்து கேட்கவில்லை. துக்க வீட்டுக்குப் போன் போட்டு நிஜமா என்று விசாரிப்பது நம் பக்கத்தில் மரியாதை இல்லை. கேள்விப்பட்டால் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் பத்து மணிக்கு அண்ணாகிராமத்திலிருந்து ஒரு முந்திரி வியாபாரி குடும்பத்தோடு வீடு பார்க்க வருவதாக இருந்தது. வேறொரு தளத்தில் நான் போட்ட அறைப் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசியவர். பிடித்திருந்தால் அன்றைக்கே அட்வான்ஸ் என்று சொல்லியிருந்தார். என் ஒரு மாதக் கெடுவில் நான்கு நாள்தான் பாக்கி. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதுநகரில் ஆட்டோவை விட்டு இறங்கிப் பார்த்தால், வீட்டு வாசலில் நாற்பது பேர். பிளாஸ்டிக் நாற்காலிகூடப் போட்டிருந்தார்கள். என் நெஞ்சு விம்மியது. ஒரே ஒரு விளம்பரம், நாற்பது பார்ட்டி! வாயெல்லாம் பல்லாகக் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்க வாங்க" என்றேன்.

துக்க வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. கூட்டம் என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. "மாமனாரத் தூக்கறதுக்குள்ள பூவும் பொட்டுமா வந்து நிக்கறா பாரு," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் மாமனாரின் தங்கை அஞ்சலை அத்தை ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"கம்பத்து மேல ஏறயில கரண்ட்டு தொடலியே, எங்கண்ணா! இப்பிடி வீட்டப் பூட்டிட்டு எங்க போன, எங்கண்ணா!" என்று ஒப்பாரியை எடுத்தார்.

அப்போதுதான் வாசல் பூட்டைப் பார்த்தேன். உண்மையில் மாமனார் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தார், மாமியார் கோயிலுக்கு. மாமனாரின் போன் சார்ஜில் கிடந்து உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. பூட்டிய வீட்டையும் எடுக்காத போனையும் பார்த்தவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கொண்டுவரவில்லை என்று முடிவு கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். விஷயம் புரிந்ததும் அத்தையின் கையை விலக்கப் பார்த்தேன். "அத்தை, அது வந்து... மாமா நல்லாத்தான்..." என்றேன்.

"நல்லாத்தாம்மா வாழ்ந்தாரு!" என்று அத்தை இன்னும் இறுக்கினார்.

அந்த நேரம் பார்த்து ஏழுமலைச் சித்தப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். மாமனாரின் ஒரே தம்பி, திருவதிகையில் இருப்பவர். ஒரு வேலித் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்று ஒன்பது வருடம். என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. கையில் ரோஜா மாலை, காலில் செருப்பில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "ஒரு வார்த்த பேசிட்டுப் போயிருக்கலாமேண்ணா," என்று வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். என் தவறு எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தெருமுனையில் மாமனாரின் மொபெட் திரும்பியது.

தன் வீட்டு வாசலில் கூட்டத்தையும் மாலையையும் பார்த்தவர், வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தார். பையிலிருந்த சங்கரா மீன் தெருவெல்லாம் சிதறியது. "தனத்துக்கு என்னாச்சி? தனத்துக்கு என்னாச்சிடா?" என்று கத்தினார். தனம் என் மாமியார். அந்த மனிதர் மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான்.

அஞ்சலை அத்தை என் கழுத்தை விட்டுவிட்டு ஒரு நாற்காலியில் பொத்தென்று விழுந்து, அதோடு பின்னால் சாய்ந்தார். சித்தப்பா மட்டும் எழுந்துபோய் அண்ணனைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே கீழே பார்த்தார்.

"ஏண்டா, செருப்பு எங்கடா?"

ஒன்பது வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

யாரோ போனை நீட்டினார்கள். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் விளம்பரத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். "என்னாம்மா இது?"

"வெளம்பரம், மாமா."

"போட்டோ நல்லாத்தான் இருக்குது," என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

இந்தக் கலவரத்துக்கு நடுவில் அண்ணாகிராமத்துக் கார் வந்து நின்றது. வியாபாரியின் மனைவி இறங்கவே இல்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, "எந்த நட்சத்திரத்துல போனாரு? அவிட்டமா, சதயமா?" என்றார். அந்த மாதிரி நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் ஆறு மாதம் வீட்டை அடைத்துப்போட வேண்டும். நான் ஓடிப்போய், யாரும் சாகவில்லை, தப்பான தகவல் என்று கெஞ்சினேன். மாமனாரும் பின்னாலேயே வந்தார்.

"நாந்தாங்க அது. உசுரோடதான் இருக்கேன். எறங்கி வந்து வீட்டப் பாருங்க."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நூறு வயசு இருங்க, ஐயா. ஆனா ஒப்பாரி வெச்ச வீட்டுல நாங்க எப்பிடிப் பால் காய்ச்சுறது?" கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது.

சேதி ஊரெல்லாம் பரவியது. அதன்பிறகு மாமனார் பிடித்த புரோக்கராலும் அந்த வீட்டை விற்க முடியவில்லை. எட்டு மாதம் கழித்து ஏழுமலைச் சித்தப்பாவே தன் மகனுக்காக வாங்கிக்கொண்டார். "அழுதவன் நான், எனக்கென்ன தோஷம்?" என்றார். நான் மறுபடியும் கணக்கு டீச்சர் ஆனேன். மாமனார் சிதம்பரத்தில் எங்களோடுதான் இருக்கிறார். அன்றைக்கு வராதவர்கள் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார், அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு இன்றுவரை போவதில்லை.

எங்கள் குடும்பத்தில் அதன்பிறகு யாரும் லேசில் அழுவதில்லை. போன வருடம் மாமனாரின் பெரியம்மா, தொண்ணூறு தாண்டியவர், தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்தார். அவர் மகன் பூவும் விளக்கும் போட்ட படத்தைக் குரூப்பில் போட்டார். அரை மணி நேரம் யாரும் அசையவில்லை. பிறகு அஞ்சலை அத்தையிடமிருந்து முதல் பதில் வந்தது: "எத்தன சென்ட்டு? பட்டா இருக்குதா?"