இமிகிரேசன் அண்ணையின் அரைச் சிரிப்பு

ஸ்கார்பரோவின் அஜின்கோர்ட்டில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்குள் நுழைவது கனடாவுக்குள் நுழைவதைவிடக் கடினம். கனடாவில் விமானத்தால் இறங்கும்போது மட்டும்தான் கேள்வி கேட்பார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் கேள்வி வரும். கேட்பவர் ஒரே ஆள். அவரை எல்லோரும் இமிகிரேசன் அண்ணை என்போம்.

சொந்தப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழே தபால் பெட்டிகளில் எல்லோரும் பெயர் ஒட்டியிருக்க, அவருடைய பெட்டி மட்டும் மொட்டையாக இருக்கும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பேரை வெளியில ஒட்டிப்போட்டு உள்ளுக்கை நிம்மதியா நித்திரை கொள்ளலாமோ காணும்?" என்றார். பாண் பேக்கரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. குப்பை போட வந்தாலும் ஸ்திரி போட்ட சேர்ட், மினுக்கிய சப்பாத்து. எந்த நேரத்தில் எந்த அதிகாரி எதிர்ப்படுவான் என்று தெரியாதாம்.

ஒரு சனிக்கிழமை என் மனைவி நகரின் மறுமுனையில் ரெக்ஸ்டேலில் இருக்கும் தங்கை வீட்டுப் பிறந்தநாளுக்குப் புறப்பட்டாள். லிஃப்ட் வாசலில் அண்ணை நின்றார்.

"எங்க பிள்ளை பயணம்?"

"ரெக்ஸ்டேலுக்கு அண்ணை. தங்கச்சி வீட்டை."

"எத்தினை நாளைக்கு?"

"பின்னேரம் வந்திடுவன்."

"கையில என்ன?"

"கேக்."

"நீங்களே செய்ததோ, ஆரும் தந்து விட்டதோ?"

"நான்தான் செய்தனான்."

"அப்ப சரி. ஆரும் தந்து விட்டா வாங்கக் கூடாது. போட்டு வாங்கோ."

லிஃப்ட் கதவு மூடியதும் நெற்றியில் யாரோ முத்திரை குத்தியதுபோல இருந்தது என்றாள் மனைவி. ஆனால் அவருக்குக் கோபமாக ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் மனம் வராது. அவ்வளவு அக்கறையாகக் கேட்பார்.

கேள்வி கேட்பது அவருடைய சேவையில் பாதிதான். பதில் சொல்லவும் பழக்குவார். எங்கள் கட்டடத்தார் சாமான் வாங்க எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போவதென்றால் முதல்நாள் அவரிடம் பாடம் எடுத்தே ஆக வேண்டும். "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. சிரிச்சா, உவன் என்னவோ மறைக்கிறான் எண்டு நினைப்பாங்கள். சிரிக்காட்டி, உவன் ஏன் பயப்பிடுறான் எண்டு நினைப்பாங்கள். அதனால அரைச் சிரிப்பு." அந்த அரைச் சிரிப்பை அவரே செய்து காட்டுவார். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும், கண் அசையாது. நான்காம் மாடிக் குடும்பம் ஒன்று, தாய் தகப்பன் பிள்ளைகள் எல்லோரும் காருக்குள் அரைச் சிரிப்போடு எல்லையில் போய் நிற்க, அதிகாரி பயந்துபோய் டிக்கியைத் திறக்கச் சொல்லிவிட்டார். திரும்பி வந்து முறையிட்டார்கள். "நீங்கள் முக்கால் சிரிச்சிருப்பியள்," என்றார் அண்ணை.

இந்த வித்தையெல்லாம் அவர் கற்றது பாங்கொக்கில். இரண்டு கிழமையில் கனடா என்று சொல்லிக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரன் பாங்கொக்கில் ஓர் அறையில் விட்டுவிட்டுக் காணாமல் போனான். இரண்டு கிழமை வருடக்கணக்காக நீண்டது. மீன் சந்தையில் பெட்டி தூக்கினார், அங்கேயே தாய்லாந்து மொழியும் படித்தார். விசா முடிய முடிய ஏதாவது ஓர் எல்லைக்குப் போய் வெளியே கால் வைத்துத் திரும்ப வேண்டும். சிலவேளை விடுவார்கள், சிலவேளை சுவரோரத்து மர வாங்கில் மணிக்கணக்காக இருத்தி வைப்பார்கள். அவர் அப்படி வாங்கில் இருக்கும்போது தாய்லாந்துச் சனங்கள் கூடையும் கோழியுமாகப் பக்கத்தால் நடந்து போவார்களாம்.

"அவைக்கென்ன," என்பார். "லாவோசுக்கு பாஸ்போர்ட் மட்டும் காணும். மலேசியாவுக்கும் அப்பிடித்தான். வியட்நாமுக்கும் விசா வேண்டாம். பர்மாவுக்கு பிளேனில போனா ஒரு சட்டம், ரோட்டால போனா வேற சட்டம். கம்போடியா மட்டும் எப்ப துறப்பு எப்ப பூட்டு எண்டு ஆருக்கும் தெரியாது." தாய்லாந்துக்காரர் அயல்நாடுகளுக்குப் போகும் விதிகளை ஸ்கார்பரோவில் இருந்துகொண்டு இன்றைக்கும் ஒவ்வொரு கிழமையும் இணையத்தில் சரிபார்ப்பார். அது யாருக்குப் பயன்படும் என்று நாங்கள் சிரிப்போம். அந்த வேளையில்தான் என் தம்பி குகன் ஒரு தாய்லாந்துப் பெண்ணைக் காதலித்தான்.

அவள் பெயர் நொக். இங்கே படிக்க வந்து இங்கேயே வேலை எடுத்தவள். தகப்பன் இல்லை. தாய், தாய்லாந்தின் தெற்கே மலேசிய எல்லைக்குக் கிட்ட ஹாட் யாயில் பலகாரக் கடை வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு எல்லோரும் சம்மதித்தார்கள், ஒரு சிக்கல் தவிர. அந்த அம்மா விமானம் ஏற மாட்டார். பஸ் போகிற இடத்துக்கு மட்டும்தான் வருவாராம். நொக்கோ, அம்மா பக்கத்தில் நிற்காமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். எங்கள் அம்மாவுக்குக் கோயில் கல்யாணம்தான் வேண்டும். கடைசியில் ஹாட் யாயிலிருந்து வேனில் வரக்கூடிய தூரத்தில் இருந்த பினாங்கில் ஒரு முருகன் கோயிலைப் பிடித்தோம்.

இந்தச் செய்தி லிஃப்ட் வாசலைத் தாண்டும் முன் அண்ணை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். "மனிசி எதில வாறா? பாஸ்போர்ட் இருக்கோ?"

"பாஸ்போர்ட் வேண்டாமாம் அங்கிள்," என்றான் குகன். "அவவிட்ட போடர் பாஸ் இருக்கு. மலேசியாவுக்குச் சாமான் வாங்கப் போறது அதிலதானாம். சில் பண்ணுங்கோ அங்கிள்."

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். "தம்பி, அது எல்லையோரத்துச் சனம் அங்கால சந்தைக்குப் போய்வாற துண்டு. பினாங்குக்கு அது செல்லாது. மனிசி பாதி வழியில நிக்கும், நீ மணவறையில நிப்பாய்."

விசாரித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அந்த அம்மா போய் பாஸ்போர்ட் எடுத்தார். எங்கள் வீட்டில் அண்ணைக்கு அன்றைக்கு இடியப்பமும் சொதியும். அத்தோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

அவர் நிற்கவில்லை. ஞாயிறு காலைகளில் எங்கள் வரவேற்பறையில் வீடியோ அழைப்பு வகுப்பு தொடங்கியது. அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அண்ணையின் தாய்லாந்து மொழி மீன் சந்தையில் படித்தது என்பதால், மரியாதையாக ஏதோ சொல்கிறேன் என்று அவர் வாய் திறந்தாலே நொக் முகத்தைக் குஷனில் புதைத்துக்கொள்வாள். தாயோ பலகாரத்துக்கு மா பிசைந்தபடி அமைதியாகக் கேட்பார்.

"கலியாணம் எண்டு மூச்சும் விடக்கூடாது," என்றார் அண்ணை. "கலியாணம் எண்டா ஆரின்ர, மாப்பிள்ளை எந்த நாடு, எப்பிடிப் பழக்கம் எண்டு கேள்வி படரும். கடல் குளிக்கப் போறன், மலேசியாவில ஒருத்தரையும் தெரியாது எண்டு சொல்லட்டும். கடல் எண்டா கடலோட முடிஞ்சுது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணை, அவவுக்கு விசாவே வேண்டாம். பாஸ்போர்ட்டைக் காட்டிப்போட்டு நடந்து வரலாம். பேந்து ஏன் பொய்?"

"விசா வேண்டாம் எண்டாத்தான் காணும் கூடக் கவனமா இருக்கவேணும். விசா இருந்தா அதைக் காட்டலாம். இல்லாட்டி முகத்தையெல்லே காட்டவேணும்."

அரைச் சிரிப்புப் பாடமும் நடந்தது. அந்த அம்மா நல்ல மாணவி. கடைசி வகுப்பில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். நொக் மொழிபெயர்த்தாள். "இவ்வளவும் சொல்லித் தந்தவர் எல்லைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டுமாம். நின்றால்தான் வருவாராம்."

அண்ணையின் முகம் வெளுத்தது. கனடாவில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் எந்த எல்லையையும் தாண்டியதில்லை. பஃபலோவுக்குக்கூடப் போனதில்லை. கனடா பாஸ்போர்ட்டைத் தவறாமல் புதுப்பித்து அலுமாரியில் வைத்திருப்பதோடு சரி. சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். பிறகு மெல்ல, "வாறன்," என்றார்.

விமான நிலையத்துக்குக் கல்யாண மாப்பிள்ளையைவிட நன்றாக உடுத்தி வந்தார். வழியெல்லாம் பதில்களை முணுமுணுத்தார். கனடாவை விட்டு வெளியே போகும்போது குடிவரவு அதிகாரி என்று ஒருவரும் இருப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. விமானத்துக்குள் ஏறி இருந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே," என்றார். குரலில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம். மலேசியாவில் இறங்கியபோதும் அதிகாரி ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்திவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் அவரும் நானும் பினாங்கிலிருந்து வேன் பிடித்து எல்லைக்குப் போய், மலேசியப் பக்கத்தில் பயணிகள் வெளியே வரும் வாசலில் நின்றோம். ஹாட் யாய் வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நொக்கின் அம்மாவைக் காணவில்லை. வேன் சாரதி வந்து தாய்லாந்து மொழியில் ஏதோ சொல்ல, அண்ணை தூணைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கில இருத்தி வைச்சிருக்கிறாங்களாம்," என்றார்.

உள்ளே நடந்ததைப் பிறகு அந்த அம்மாவே சொன்னார். எங்கே போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டாராம். அம்மா அரைச் சிரிப்போடு, கடல் குளிக்க என்றாராம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நல்ல கடற்கரை இருக்கிறதே என்றாராம் அதிகாரி. அண்ணையின் பாடத்தில் இந்தக் கேள்வி இல்லை. அம்மா பேசாமல் உதட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாராம். பல்வலியா என்று கேட்டு, பையைத் திறக்கச் சொன்னாராம் அதிகாரி. கடல் குளிக்கப் போகிறவரின் பைக்குள் மணப்பெண்ணின் பட்டுச் சேலை, தங்கச் சங்கிலி, மல்லிகை மாலைகள், அடுக்கடுக்காகப் பலகாரப் பெட்டிகள். ஒருவரையும் தெரியாத நாட்டில் இவ்வளவு பலகாரமும் யாருக்கு என்று கேட்டபோது, எல்லாம் எனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்.

வெளியே நேரம் போய்க்கொண்டிருந்தது. திருப்பி அனுப்பினால் கல்யாணம் இல்லை. நொக்குக்கு அழைக்க நான் ஃபோனை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் அண்ணை இல்லை. அதிகாரிகளின் நிழல் கண்டாலே மறுபக்கம் கடக்கிற மனிதர், வாசல் காவலாளியிடம் கையைக் காட்டி ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சேரும்போது தலையில் துணி கட்டிய ஒரு பெண் அதிகாரி வெளியே வந்துவிட்டார். பின்னால் அம்மா, பையைக் கட்டிப் பிடித்தபடி.

அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிமிர்ந்து நின்றார். இங்கிலீஷும் தாய்லாந்து மொழியும் கலந்து அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மேடம், பொய் என்ரது. அவவுக்குப் பொய் சொல்ல வராது. நான்தான் ஞாயிறு ஞாயிறா இருத்திப் பழக்கினனான். நாளைக்கு அவவின்ர மகளுக்குக் கலியாணம். பிடிக்கிறதெண்டா என்னைப் பிடியுங்கோ."

சொல்லிவிட்டு, கேட்காமலேயே தன் பாஸ்போர்ட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி அதை வாங்கவில்லை. அவரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவரால் நிறுத்த முடியவில்லை.

"தாய்லாந்து பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமலே முப்பது நாள் தங்கலாம் அங்கிள். கல்யாணம் என்று முதலே சொல்லியிருந்தால் வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருப்பேனே," என்றார். பல்வலி என்று நினைத்துத் தான் மாத்திரை தேடிய கதையையும் சொன்னார். அம்மா ஒரு பலகாரப் பெட்டியை எடுத்து நீட்ட, அதிகாரி வேண்டாம் என்று தலையாட்டி முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் அம்மா பின் சீட்டிலிருந்து அண்ணையைத் தாய்லாந்து மொழியில் பேசித் தள்ளினார். அதுவும் மீன் சந்தை பாஷையாகத்தான் இருந்திருக்க வேண்டும். அண்ணை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அம்மா களைத்து உறங்கிய பிறகு கேட்டேன்.

"அவ்வளவு பயம் எண்டுறியள். பேந்து எப்பிடி அண்ணை அதிகாரியிட்டப் போனனீங்கள்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் வாங்கில இருந்த நேரம் வெளியில எனக்கெண்டு ஒருத்தரும் நிக்கேல்லை காணும்."



மறுநாள் மணவறையில் கன்னிகாதானம் செய்துகொடுக்கப் பெண்ணின் தாயோடு யார் நிற்பது என்று ஐயர் கேட்டார். எங்கள் மாமா ஒருவரைத் தயாராக வைத்திருந்தோம். அந்த அம்மா அவரைத் தாண்டிப் போய், தூணுக்குப் பின்னால் நின்ற அண்ணையைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். என்னென்னவோ சொல்லி மறுத்துப் பார்த்தார் அண்ணை. அம்மா காதில் வாங்கவில்லை.

நொக்கின் கையைத் தன் கையில் வைத்தபோதே அண்ணைக்குக் கண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. குகனின் கையில் அவளைக் கொடுக்க வேண்டிய நேரம் வந்தும் விடவில்லை, இறுக்கிப் பிடித்தபடி நின்றார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"பெத்த அப்பாவுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார் மெதுவாக. "ஆனா கையை விடுங்க சார், முகூர்த்தம் போகுது."

அண்ணை பெற்ற அப்பா இல்லை என்று ஐயருக்குச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.