கன்றுக்குட்டிக்குப் பினாயில் போட்டவர்

ஒத்தக்கடைக் கிருமிகள் பயந்தது ஒரே ஒரு மனுஷனுக்குத்தான். ரேஷன் கார்டில் அவர் பெயர் என்னவோ, எங்கள் தெருவுக்கு அவர் 'பினாயில்'.

ஆள் வரும் முன்னே வாசம் வந்துவிடும். வீட்டைத் தினம் மூன்று முறை துடைப்பார். சிலிண்டர் போடுகிறவர் தெருமுனை திரும்புவதற்குள் அவர் நின்ற இடம் கழுவப்பட்டிருக்கும். கை கொடுக்கப் போனால் இரண்டடி பின்னால் நகர்ந்து, "வணக்கம் போதும்ணே" என்பார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அவருடைய மகளுக்கு வீசிங். பனி விழுந்தால் போதும், பிள்ளையின் நெஞ்சு விசிலடிக்கும். அவர் துடைத்துத் தள்ளியதெல்லாம் அதனால்தான். மனைவி மறுபடி உண்டானதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. இந்தப் பிள்ளைக்கும் வந்துவிட்டால்?

டாக்டரம்மாவிடம் கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

"மாட்டுத் தொழுவத்துப் பக்கம் பிறந்து வளர்ற பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் குறைவாத்தான் வருது. சின்னதுலயே எல்லாம் பழகிட்டா, உடம்பு தூசி கூடல்லாம் சண்டைக்குப் போகாது. அதுக்காக வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். மூத்தவளுக்கு இன்ஹேலர நிறுத்திறாதீங்க" என்றார் அவர்.

இத்தனையில் பினாயிலின் காதில் விழுந்தது 'மாடு' மட்டும்தான். மறுநாளே எழுமலையிலிருந்து மினி வேனில் ஒரு கன்றுக்குட்டி வந்து இறங்கியது. போய்ப் பார்த்தால், வாளித் தண்ணீரில் பினாயிலைக் கலந்து அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கன்றுக்குட்டி தும்மியது.

பக்கத்து மனையில் மாடு வைத்துப் பால் ஊற்றும் பேச்சியக்கா சுவரை எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, எதுக்கு வாங்குனீகளோ அம்புட்டையும் கழுவி விட்டுட்டீகளே. இனி இதுக்கும் ஒரு இன்ஹேலர் வாங்குங்க."

பினாயில் பிரஷைக் கீழே வைத்தார். "கழுவுனாலும் பயமா இருக்குக்கா. கழுவாட்டியும் பயமா இருக்கு."

பேச்சியக்கா குரல் இறங்கியது. "கண்ணுக்குட்டி எங்கிட்ட நிக்கட்டும். பிள்ளை பிறந்ததும் தூக்கிட்டு வாங்க."

அதுவும் பெண் பிள்ளை. தினம் காலையில் பினாயில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பேச்சியக்கா தொழுவத்தில் நிற்பார். முதல் வாரம் இரண்டு காலிலும் பிளாஸ்டிக் பை. அடுத்த மாதம் செருப்பு. அப்புறம் வெறுங்கால். மூத்தவள் இன்ஹேலரும் கையுமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தங்கைக்குக் கையாட்டுவாள்.

சின்னவளுக்கு இப்போது நான்கு வயது. நெஞ்சு இன்னும் விசிலடிக்கவில்லை. கன்றுக்குட்டியாலா என்று கேட்டால், டாக்டரம்மா சிரிப்பதோடு சரி.

போன மாதம் பினாயிலுக்கு வேலையில் வெளியூர் மாற்றல். கிளம்புகிற அன்று மாட்டைத் தடவிக்கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். நான் பழக்கத்தில் கும்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாரேண்ணே."

கையெல்லாம் சாணி வாசம். சாப்பிட உட்காரும்வரை நான் அதைக் கழுவவில்லை.