கப்பல் பாயின் மேல் ஜன்னல்

தன் கார் ஒழுகுவதைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பழவேற்காட்டில் இருந்தார். அங்கே பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்த நான், அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் கப்பல் பாய்.

தன் முன்னோர்கள் கப்பல் வைத்து, பழைய காலத்தில் இங்கே கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்களுக்குத் துணி விற்றவர்கள் என்பது அவர் கட்சி. கப்பலெல்லாம் போய் மிச்சமிருந்தது அந்தப் பேச்சும், சென்னையில் பல கைகள் மாறி வந்த ஒரு பழைய வெளிநாட்டுக் காரும்தான். காரின் கூரையில் திறந்து மூடும் கண்ணாடி ஒன்று இருந்தது. நான் அதை சன்ரூஃப் என்று சொன்னால் திருத்துவார். "மேல் ஜன்னல்னு சொல்லுங்க வாத்தியாரே. டச்சுக்காரன் வூட்லயே இது கெடையாது." டச்சுக்காரர்களைப் பற்றி அவர் பேசும்போது, போன மாதம்தான் பக்கத்து வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள் என்று தோன்றும்.

ஊரில் எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும் மாப்பிள்ளை ஊர்வலம் அந்தக் காரில்தான். மாப்பிள்ளை மேல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார், பாய் ஓட்டுவார், காசு வாங்கமாட்டார். தொப்பை உள்ள மாப்பிள்ளைகளுக்கு மட்டும் அனுமதி இல்லை. ஒருவர் இடுப்போடு மாட்டிக்கொள்ள, முகூர்த்தம் தவறிவிடும் என்ற கட்டத்தில் விளக்கெண்ணெய் தடவி உருவி எடுத்தார்களாம். அதிலிருந்து பாய், மாப்பிள்ளைகளைக் கண்ணாலேயே அளந்து பார்த்துத்தான் சம்மதிப்பார்.

மழை வந்தால் அந்தக் கார் உள்ளே ஒழுகும். "மத்தவன் மழைல நனையணும்னா வெளிய போய் நிக்கணும். நமக்கு உக்காந்த எடத்துக்கே வருது" என்பார்.

இந்தப் பெருமைக்கு ஆபத்து அவர் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. ஒரே மகள் நஸ்ரினுக்குப் பொன்னேரியில் நிச்சயமாகி, அடைமழைக் காலமான ஐப்பசியில் நாள் வைத்துவிட்டார்கள். பெண்ணை அழைத்துப்போக ஏசி வேன் அனுப்புவதாக மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். நஸ்ரின் வாப்பாவிடம் நேராகப் பேசிவிட்டாள்.

"ஊர்ல அல்லாரும் உங்க வண்டில போனாங்க. நானும் அதுலதான் போவேன் வாப்பா. ஆனா ஒரு சொட்டு மேல வுழுந்துது, எறங்கி அவங்க வேன்ல ஏறிடுவேன்."

"ஒழுகுதுன்னா ஓட்டை இருக்குது. ஓட்டை இருக்குதுன்னா அடைச்சிடலாம். இதுல இன்னா கவலை?" என்றார் பாய். சொல்லிவிட்டு, மகள் அந்தப் பக்கம் போனதும் கூரையை ஒரு பார்வை பார்த்தார். சொந்த மகள் இன்னொருவர் வண்டியில் வீட்டை விட்டுப் போனால் அந்த மனிதர் உடைந்துபோவார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

உதவிக்குப் பக்கத்துக் கோட்டைக்குப்பத்திலிருந்து தேசப்பன் வந்தார். பாயின் பால்ய சிநேகிதர், மீன்பிடிப்பவர், ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுவதில் கில்லாடி. படகில் ஓட்டை தேட அவரிடம் ஒரு வழி இருந்தது. கரையில் ஏற்றி உள்ளே தண்ணீரை நிரப்பிவிட்டால், வெளியே எங்கே கசிகிறதோ அங்கே ஓட்டை.

"வண்டிய ரொப்பிடுவோம் பாய்" என்றார்.

"கழுத்து வரிக்கும் ரொப்புனாலும் தண்ணி கூரைய தொடாதே தேசப்பா."

"அப்ப கவுத்துட்டு ரொப்புவோம்."

பாய் இதைச் சிரிக்காமல் யோசித்தார். அடிப்பக்கம் பார்க்கப் படகைக் கவிழ்ப்பது அங்கே அன்றாட வேலை. கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கார் அடிபடாமலிருக்க மணலில் பழைய வலைகளைப் பரப்பினார்கள், தோள் கொடுக்க வரிசையாக நின்றார்கள். "ஏலேலோ" ஆரம்பிக்கும் நேரத்தில் சமையலறை ஜன்னலிலிருந்து பாயம்மாவின் குரல் வந்தது.

"வண்டிய கவுத்தீங்கன்னா இன்னிக்கி சோத்துப் பானையையும் கவுத்துடுவேன்!"

வந்தவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த திட்டம் பாயின் சொந்தச் சரக்கு. கூரையின் நான்கு மூலைகளிலும் நான்கு நிற சர்பத்தை ஊற்றுவது, எந்த நிறம் சீட்டில் விழுகிறதோ அந்த மூலைதான் திருடன். வெறும் சாயத்தண்ணீர் போதாதா என்று கேட்டேன். "பொண்ணு கண்ணால வேலை வாத்தியாரே, கஞ்சத்தனம் பண்ணக்கூடாது" என்றார். ரோஸும் திராட்சையும் பின் சீட்டில் சொட்டின. நன்னாரியும் எலுமிச்சையும் எங்கே போயின என்றே தெரியவில்லை. மேல் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். கண்ணாடியைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் ஓடியது, அதன் ஒவ்வொரு மூலையிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு துளை இருந்தது.

"பாய்! ஒண்ணு இல்ல, நாலு ஓட்டை!" என்று தேசப்பன் கூவினார்.

படகுக்காரர் கண்ணுக்கு ஓட்டை தெரிந்தால் கை சும்மா இருக்காது. படகுக்கு ஒட்டுப்போடும் ரெசினைக் குழைத்து நான்கையும் அடைத்து, காய்ந்ததும் தேய்த்து மழமழவென்று ஆக்கிவிட்டார். பாய் ஒரு தம்ளர் தண்ணீரை மேலே தெளித்தார். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. "டச்சுக்காரன் கோட்டைய இவ்ளோ கெட்டியா கட்டியிருந்தா இன்னிக்கும் நின்னுனு இருக்கும்" என்று தெருவுக்கே அறிவித்தார்.

அந்த நேரம் பார்த்துப் பொன்னேரி சம்பந்தி கல்யாணப் பேச்சுக்கு வந்து சேர்ந்தார். மரக்கடை வைத்திருந்தவர், அளந்துதான் பேசுவார். வெளியே நல்ல மழை. பாய் விடுவாரா? சம்பந்தியை முன் சீட்டில் உட்காரவைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாலம் வரை கார் காய்ந்த கருவாடாக இருந்தது.

"பாத்தீங்களா சம்பந்தி? ஒரு சொட்டு வுழுந்துதா?"

பாலத்து இறக்கத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பாய் பிரேக்கில் ஏறி நின்றார். போக வழியில்லாமல் கூரையில் தேங்கி நின்ற மழைத்தண்ணீர் மொத்தமும் முன்பக்கம் பாய்ந்து, சம்பந்தியின் தலையில் ஒரே மூச்சில் இறங்கியது. தொப்பி மடியில் வந்து விழுந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"ஒரு சொட்டு இல்ல பாய். ஒத்துக்கறேன்."

கொஞ்ச தூரம் போனதும், "நாங்க வேன் எடுத்தாந்துடறோம்" என்றார்.

நடந்ததைக் கேட்டு ஊரே சிரித்தது, நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை. கப்பல் பாய் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அந்த வாய் மூடியிருந்ததை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவனைப் பிடித்து நிறுத்தினார். முன் கதவைத் திறந்து வைத்திருந்தார். கதவுக் கீலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாயின் நுனி எட்டிப் பார்த்தது. அதற்குள் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"இதுங்க எங்க போவுது வாத்தியாரே?"

"இனிப்பு இருக்கிற இடத்துக்குத்தான்."

விரலால் குழாய் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "நன்னாரி! மேல மூலைல ஊத்துனது கீழ கதவாண்ட எப்டி வந்துது?"

ஒட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த தேசப்பன் குனிந்து குழாயைப் பார்த்தார், நிமிர்ந்து கூரை மூலையைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ பாய்! அது ஓட்டை இல்ல, முகத்துவாரம்! தண்ணி வெளிய போறதுக்கு வண்டி செஞ்சவனே வச்ச வழி. நாம மூடிட்டோம் பாய்!"

பழவேற்காட்டில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஏரி கடலைத் தொடும் முகத்துவாரம் மணலில் தூர்ந்துபோனால் மீன் வரத்து நின்றுவிடும், மழைக்காலத்தில் ஏரித்தண்ணீர் வடியாமல் ஊருக்குள் வந்துவிடும். "முகத்துவாரத்தைத் திற" என்று ஊரே திரண்டு பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம் போனபோது, முன்வரிசையில் தொண்டை கிழியக் கத்திய இரண்டு பேரும் இவர்கள்தான்.

பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். தேசப்பன் ரெசினைச் சிறிது சிறிதாகச் செதுக்கி எடுத்தார். தடிமனான தூண்டில் நரம்பை மேல் துளையில் விட்டுக் கீழ்வரை குத்தித் தள்ளினார். நன்னாரிக் குழாயும் எலுமிச்சைக் குழாயும் சுலபமாக வழிவிட்டன. மற்ற இரண்டிலிருந்து மணலும் மீன் செதிலும், பாய் என்றோ மூட்டையில் ஏற்றிப்போன சென்னாக்கூனி என்ற பொடி இறாலும் வந்தன. முதலில் அடைத்துக்கொண்டிருந்தவை அந்த இரண்டுதான், நல்லபடியாக இருந்த மற்ற இரண்டையும் நாங்கள் சேர்த்து அடைத்திருக்கிறோம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். நான்கு வழியிலும் தரையில் கொட்டியது, சீட்டு காய்ந்தே இருந்தது.

பாயின் குரல் உடனே திரும்பிவிட்டது. "எதுக்கு சர்பத்து ஊத்துனேன்றீங்க? எறும்பு வரணும்னுதான!"

கல்யாணத்தன்று கொட்டோ கொட்டென்று கொட்டியது. நிக்காஹ் முடிந்து, சம்பந்தி கொண்டுவந்த வேன் காத்து நிற்க, நஸ்ரின் மாப்பிள்ளையோடும் அம்மாவோடும் காரின் பின் சீட்டில் ஏறினாள். முன் சீட்டில் சம்பந்தி ஏறினார், ஏறி உட்கார்ந்ததும் குடையை விரித்துக்கொண்டார். நான் பின்னால் காலி வேனில் போனேன். பாலத்து இறக்கத்தில் ஆடு மாடு எதுவும் இல்லாமலேயே கப்பல் பாய் சடாரென்று பிரேக் போட்டார். வேன் டிரைவர் கத்திய கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. முன்னால் நின்ற காருக்குள் அந்தக் குடை ஒரு நிமிடம் அசையாமல் இருந்தது. பிறகு மெல்ல மடங்கியது.

காரை மகள் வீட்டுக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்தார். "நம்மூர் உப்புக்காத்துல துரு புடிக்குது" என்று காரணம் சொன்னார். அதற்குப் பிறகு ஏரிக்கு மேலே லேசாகக் கறுத்தால் போதும், சட்டைப்பையில் தூண்டில் நரம்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறிவிடுவார். சித்திரை வெயிலில் ஒற்றை மேகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய நாட்களும் உண்டு. "வண்டி ஒழுகும் வாத்தியாரே. நான் போய்ப் பாத்தாதான் நிக்கும்" என்பார்.

எனக்கு வேலை மாற்றலாகிச் சில வருடங்கள் கழித்து, பொன்னேரிக்கு ஒரு வேலையாக வந்தவன் தூறலில் நஸ்ரின் வீட்டுக்குப் போனேன். அவள் கொட்டகையில் இருந்தாள். காரின் பின் கதவைத் திறந்துவைத்து, சொம்பிலிருந்து தண்ணீரைச் சீட்டின் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"கண்ணாலத்துலருந்து இது ஒரு நாளும் ஒழுகல சார். வாப்பா பஸ் ஏறிட்டாருன்னு அம்மா போன் பண்ணிச்சி. அவ்ளோ தூரம் வராரு, சீட்டு காஞ்சி கெடந்தா பாவம், இன்னா பண்ணுவாரு?"

நான் அவள் கையிலிருந்த சொம்பை வாங்கி, முன் சீட்டிலும் கொஞ்சம் ஊற்றினேன்.