கீழ் வரிசைக் கரண்ட்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் சம்சுன்னிசாவுக்குப் பயம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இம்ரானின் மின்சாமான் கடைக்கு முன்னால் குடையை மூடி, திறந்து, மறுபடி மூடினாள். சொல்ல வேண்டியதை புக்கிட் மேராவிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தாள். இறங்கும்போது பாதி பஸ்ஸிலேயே போய்விட்டது.

எல்லாம் அவள் கணவர் ரவூப்பின் வேலை. கரண்ட் கம்பெனிக்காரர்கள் பகலுக்கு ஒரு விலை, ராத்திரிக்கு அதைவிடக் குறைந்த விலை என்று புதுத் திட்டம் கொடுத்தார்கள். ரவூப் அன்றே கையெழுத்துப் போட்டு, இனி இந்த வீட்டில் பகல் கரண்ட் தலைகாட்டக் கூடாது என்று அறிவித்தார். பழைய வீடு, சுவிட்சுப் பெட்டியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த புதுப் பெட்டியில் இரண்டு வரிசை. மேல் வரிசையில் எப்போதும் கரண்ட் இருக்கும். கீழ் வரிசைக்கு டைமர், ராத்திரியில்தான் உயிர் வரும். துணி துவைக்கிற மெஷினைக் கீழ் வரிசையில் போட வேண்டும் என்பது அவர் கனவு.

சம்சுன்னிசாவுக்கு அதில்தான் சம்மதமில்லை. எல்லாரும் தூங்கும்போது மெஷின் தன்பாட்டுக்குச் சுற்றினால், புகை வந்தால், யார் எழுந்திருப்பது? ரவூப் தூங்கினால் தீயணைப்பு வண்டியே கட்டில் பக்கம் வந்து ஹாரன் அடித்தாலும் புரண்டுதான் படுப்பார். இதைச் சொன்னதற்கு, பயம் வேறு சயின்ஸ் வேறு என்று ஒரு வாரம் பாடம் எடுத்தார். அவள் தொடக்கப்பள்ளியோடு நின்றவள். அவருக்கு அதில் ஒரு வசதி, எதையும் முதலிலிருந்து விளக்கலாம்.

"பகல்ல வேண்டாதது கீழ் வரிசை. அவ்ளோதான் லா. இதுகூடவா புரியாது நிசா?"

"புரியுதுங்க," என்றாள். உண்மையிலேயே அது மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது.

கடையில் இம்ரான், ரவூப் சொன்ன பெட்டியை எடுத்து வைத்தான். கரண்ட் கசிந்தால் தானே நின்றுவிடுமா என்று அவள் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் நிற்கும் என்றான்.

"சரி ராத்தா, கீழ் வரிசையில எதெது?"

அவள் குடையை மறுபடி திறக்கப் போனாள். இம்ரான் ஜூரோங் பட்டறையில் வேலையிலிருந்த ரவூப்புக்கே போன் போட்டான். அந்தப் பக்கம் இரும்பு அடிக்கிற சத்தத்துக்கு நடுவே ரவூப், ஒரு வாரம் பாடம் எடுத்திருக்கிறேன், அவள் சொல்கிறபடி மாட்டு என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

அப்போதுதான் சம்சுன்னிசா பாடத்தை நிதானமாக யோசித்துப் பார்த்தாள். பகலில் வேண்டாதது எது? அழுக்குத் துணி பகலில்தான் சேர்கிறது. காய வெயிலும் பகலில்தான். படுக்கிற அறையில் பகலில் யார் படுப்பார்கள்?

"ரூம் ஏர்கான் மட்டும் கீழ தம்பி. மத்ததெல்லாம் மேல."

பெட்டி வந்து மாட்டியாயிற்று. துவைத்த சட்டை காலையில் தயாராக இருப்பதைப் பார்த்து, என் மெஷின் ராத்திரியில் சம்பாதிக்கிறது என்று ரவூப் பட்டறை முழுக்கப் பெருமையடித்தார். முந்தின நாள் மத்தியானமே அதைக் காயவைத்து மடித்ததென்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நோன்பு மாதம் பிறந்தது. பட்டறையில் நோன்பாளிகளைச் சீக்கிரம் அனுப்பினார்கள். நடுவெயிலில் நாக்கு வறள வந்த ரவூப், நோன்பு திறக்கும்வரை ஏர்கானில் கிடக்கலாம் என்று ரிமோட்டை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. சமையலறையில் மெஷின் மட்டும் உற்சாகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நிசா, இது ஏன் ஓடுது? அது ஏன் ஓடல?"

"பகல்ல வேண்டாதது கீழ் வரிசைன்னு நீங்கதானே சொன்னீங்க. பகல்ல நீங்க தூங்குவீங்கன்னு பாடத்துல வரலயே."

ரவூப் உடனே இம்ரானுக்குப் போன் போட்டார். பெருநாள் வேலை தலைக்குமேல் இருக்கிறது, முடிந்துதான் வர முடியும் என்றான். ரவூப் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டார், நானே மாற்றுகிறேன் என்று.

சம்சுன்னிசா அண்ணாந்து பார்த்தாள். பட்டினி வயிறு, கையில் ஸ்க்ரூடிரைவர், திறந்த பெட்டி. சொன்னால் கேட்கிற மனிதரும் இல்லை. ஓடிப்போய் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, பிரியாணி கிளறுகிற நீளமான மரத்துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கிப் பிடித்து, அவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எதுக்கு இது?"

"கரண்ட் பிடிச்சா மரக்கட்டையால அடிச்சுத்தான் பிரிக்கணுமாம். நீங்க தொடுங்க. நான் ரெடி."

ரவூப் துடுப்பைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். மெதுவாக இறங்கி, பள்ளிவாசலில் பகலிலும் ஏர்கான் உண்டு என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பெருநாள் முடிந்து இம்ரான் வரும்வரை, துடுப்பை அந்தப் பெட்டிக்குக் கீழேயே சாய்த்து வைத்திருந்தாள்.